விலா எலும்பின் கணக்கு



ஞானோபதேச வகுப்பில் சிறுவர் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. சர்வேசுரன் ஆதாமின் விலா எலும்பை எடுத்து ஏவாளை உண்டாக்கினாரே, அப்படியானால் அப்பாவுக்கு அம்மாவைவிட ஓர் எலும்பு குறைவுதானே? பிள்ளைகள் கேட்பதில் பிழையில்லை. ஆனால் பெரியவர்களிலும் சிலர் இதையே நம்பி, "என் எலும்பில் வந்தவள்தானே நீ" என்று மனைவியை அதட்டவும் துணிகிறார்கள். ஆகையால் இவ்வாரம் அந்த எலும்பையே பார்ப்போம்.

ஆணுக்கும் 12 சோடி, பெண்ணுக்கும் 12 சோடி. 1543-ல் வெசாலியுஸ் என்னும் சரீர சாஸ்திரி தம் பெரிய நூலில் இதை எழுதி, ஆணுக்கு ஒன்று குறைவு என்ற பேச்சைத் தள்ளிவிட்டார். நம் பாகாயத்திலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோ 1918-ல் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட பள்ளி; ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947-ல்தான். ஆகவே அங்கே விலா எலும்பை முதலில் எண்ணிப் படித்தவர்கள் பெண்களே! வேதாகமத்துக்கு இதனால் குறையொன்றும் வராது. விபத்தில் கையிழந்தவனுக்குக் கையில்லாத பிள்ளையா பிறக்கிறது? மேலும் எபிரேய மூலத்திலுள்ள சொல் எலும்பை மட்டுமல்ல, பக்கம் முழுவதையுமே குறிக்கக்கூடியது. உடன்படிக்கைப் பெட்டகத்தின் பக்கத்துக்கும் அதே சொல்தான் வருகிறது.

இனி அதன் அமைப்பைக் கவனியுங்கள். முன்புறத்தில் மேல் 7 சோடியும் குருத்தெலும்பின் வழியாக நெஞ்செலும்பை நேரே பற்றுகின்றன. அடுத்த 3 சோடியும் தமக்கு மேலுள்ளதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கடைசி 2 சோடியும் முன்னால் எதையும் தொடுவதில்லை. ஆனால் முதுகுப்புறமோ, 24-ம் ஒன்று விடாமல் முதுகெலும்போடு பொருந்தியிருக்கின்றன. முன்னால் அனாதைபோல் தோன்றுகிறதற்கும் பின்னால் பிடிப்பு உண்டு. பெரும்பாலான விலாக்களின் தலை ஒரு கணுவை மட்டும் தொடாமல், அடுத்தடுத்த இரண்டு கணுக்களையும் தொட்டு நடுவே அமர்கிறது. சற்றுத் தள்ளி ஒரு சிறு புடைப்பு, கணுவின் பக்கக் கொம்பில் சாய்கிறது. இது ஆணியடித்த இணைப்பன்று, அசைகிற மூட்டு. மூச்சை உள்ளிழுக்கையில் மேல் விலாக்கள் அடிபம்பின் கைபோல் முன்னே எழும்பும். கீழ் விலாக்கள் வாளியின் பிடிபோல் பக்கவாட்டில் உயரும்.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், ஏவாள் தலையிலிருந்து எடுக்கப்படாதது கணவனை ஆளாதபடிக்கும், பாதத்திலிருந்து எடுக்கப்படாதது அவனுக்கு அடிமையாகாதபடிக்கும் என்று விளக்குகிறார். வீட்டில் அதட்டுகிறவர்கள் இதை இரண்டு முறை வாசிப்பார்களாக.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதுகில் நோய் கண்ட மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திரும்ப அழையாதிருக்கிற ஆண்கள் உண்டு. நாட்பட்ட முதுகுவலியும், மாலைக் காய்ச்சலும், உடல் மெலிவும் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அது சாபமன்று, மறைக்க வேண்டியதுமன்று. 1956-ல் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற ஹாங்காங் வைத்தியர்கள் ஒரு முறையை எழுதி வெளியிட்டார்கள். நெஞ்சைத் திறக்கும்போது எடுத்த விலா எலும்பையே, கணு அரித்துப்போன பள்ளத்தில் முட்டுக்கொடுத்து வைப்பதுதான் அது. முதுகெலும்பு தாங்கிவந்த எலும்பு முதுகெலும்பைத் தாங்குகிறது! இன்று பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டாம், பல மாதம் விடாமல் உண்ணும் மருந்தே போதும். அரசு அதை இலவசமாய்த் தருகிறது.

எலும்பை எடுத்துவிட்டால் அவ்விடம் என்னாகும் என்று கேட்பீர்கள். எலும்பைப் போர்த்திய மெல்லிய சவ்வைச் சிதைக்காமல் விட்டுவைத்தால், அங்கே விலா எலும்பு மறுபடி வளரும். ஆதாமின் விலாவைச் சர்வேசுரன் சதையால் மூடினார் என்று ஆதியாகமம் சொல்லுகிறது. சிலுவையில் திறக்கப்பட்ட சேசுநாதரின் விலாவிலிருந்து திருச்சபை பிறந்ததாகவும் சபைப் பிதாக்கள் எழுதினார்கள். கொடுத்த பக்கம் வெறுமையாய்ப் போகவில்லை.

ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்திலும் முதுகுத்தண்டிலிருந்து வரும் நரம்பு ஓடுகிறது. நெஞ்சளவில் தண்டு அறுபட்டால் எலும்பு முழுசாய் இருந்தும், அடிபட்ட இடத்துக்குக் கீழே விலா இடைத்தசைகள் பேச்சற்றுப்போகும். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு பழுதாகிக் கால்கள் செயலற்றவர். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1986-ல் அவர் காலமான பின்னும் அது நடந்துவருகிறது. முதுகு முறிந்தவர்களோடு வீட்டாரும் அங்கே தங்கி, படுக்கையில் புரட்டிவிடவும், தூக்கி உட்கார வைக்கவும், படுக்கைப்புண் வராமல் காக்கவும் பழகுகிறார்கள். இதெல்லாம் பெண்பிள்ளைகளின் வேலை என்று கணவன்மார் வாசலில் நின்றுகொண்டிருக்க வேண்டாம்.