உறுதிமொழியும் இறைநாமமும்

சொல்லுதல் வேறு, உறுதிமொழிதல் வேறு. 'மழை பெய்கின்றது' என்று ஒருவன் கூறுமிடத்து அக்கூற்று மெய்யோ பொய்யோ என்பதே ஆராயப்படும். 'இதற்கு நான் விசுவாசமாயிருப்பேன்' என்று அவன் கூறுமிடத்தோ, கூற்றோடு கூறுவோனும் ஆராயப்படுகின்றான். உறுதிமொழியில் மனிதன் தன்னையே பிணையாக வைக்கின்றான். தான் பிணை வைப்பது யாதென்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வாறாயின், ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் காலையில் வகுப்பறையில் எழுந்து நின்று நாட்டுக்கு விசுவாசம் கூறுவதன் பொருள் யாது? அவ்வுறுதிமொழியிலே கடவுளின் பெயரையும் அரசு சேர்த்துவிடுமாயின், அதனால் நாடு மேன்மையுறுகின்றதா? சமயம் மேன்மையுறுகின்றதா? ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்களிலே பல தசாப்தங்களாக வாதிக்கப்பட்டு வந்த இவ்வினாவை அறவியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கப் பாடசாலைகளிலே தேசியக் கொடியை நோக்கி மாணவர் ஓதும் உறுதிமொழி 1892ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்ததன் நானூறாம் ஆண்டு நிறைவையொட்டி, இளைஞருக்கான இதழொன்றிற்காக அதனை எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி என்பவர். அவர் பப்ரிஸ்ற் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவப் போதகர். ஆயினும் அவர் எழுதிய வாசகத்திற் கடவுளின் பெயர் இடம்பெறவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. 'கடவுளின் கீழ்' என்னும் தொடரை 1954ஆம் ஆண்டு யூன் 14ஆம் திகதி சட்டத்தின் மூலம் சேர்த்தது அமெரிக்கப் பாராளுமன்றமாகிய காங்கிரசே. அது சோவியத் நாட்டோடு பனிப்போர் நிகழ்ந்த காலம். 'நாத்திகக் கம்யூனிசத்திலிருந்து எம்மை வேறுபடுத்துவது எமது இறைநம்பிக்கை' என்னும் எண்ணம் அன்று மேலோங்கியிருந்தது. சட்டத்திற் கையொப்பமிட்ட சனாதிபதி ஐசனோவர், இனி நாடெங்குமுள்ள பாடசாலைப் பிள்ளைகள் தம் நாடும் மக்களும் எல்லாம் வல்லவனுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருத்தலை நாள்தோறும் பறைசாற்றுவர் என மகிழ்ந்துரைத்தார். எனவே, இத்தொடர் வெறும் அலங்காரமாகச் சேர்க்கப்பட்டதன்று. பொருள் கருதியே சேர்க்கப்பட்டது.

இத்தொடர் சேர்க்கப்படுவதற்கு முன்னரே இவ்வுறுதிமொழி நீதிமன்றத்தை அடைந்துவிட்டது. அதனை அங்கு கொண்டு சென்றோர் நாத்திகரல்லர். இறைநம்பிக்கையில் உறுதிமிக்க யெகோவாவின் சாட்சிகள். கொடியை வணங்குதல் விக்கிரக வணக்கத்தை ஒத்தது என்பது அவர்தம் கொள்கை. 1935இல் பென்சில்வேனியா மாநிலத்திலே அச்சபையைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியும் அவள் தம்பியும் கொடிவணக்கஞ் செய்ய மறுத்துப் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டனர். 1940இல் உச்ச நீதிமன்றம் எட்டு நீதியரசருக்கு ஒருவர் என்ற கணக்கிற் பாடசாலையின் பக்கமே தீர்ப்பளித்தது. நாட்டு ஒற்றுமையே நாட்டுப் பாதுகாப்பின் அடித்தளம் என்றார் நீதியரசர் பிராங்பேட்டர். அத்தீர்ப்பைத் தொடர்ந்து நாட்டின் பல பகுதிகளிலும் அச்சபையினர் கும்பல்களால் தாக்கப்பட்டனர். ஒற்றுமையின் பெயரால் வழங்கப்பட்ட தீர்ப்பு பகைமைக்கு வழிவகுத்த கொடுமை அது.

மூன்றே ஆண்டுகளில் அந்நீதிமன்றம் தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. 1943இல் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்து வழக்கொன்றிலே, எந்தப் பிள்ளையையும் கொடிவணக்கஞ் செய்யுமாறு வற்புறுத்தலாகாது என ஆறு நீதியரசர் தீர்மானித்தனர். தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஜக்சன் இதனைச் சமயச் சலுகையாகக் கருதவில்லை. ஒருவன் தன் உள்ளத்தில் இல்லாததை வாயினாற் கூறுமாறு கட்டளையிடும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். அது சமயத்தவனுக்கும் சமயமிலிக்கும் ஒருங்கே உரிய பாதுகாப்பாகும்.

இனி, 'கடவுளின் கீழ்' என்னும் தொடர் பற்றிய வழக்கினை நோக்குவோம். கலிபோர்னியாவில் மைக்கல் நியூடோ என்னும் நாத்திகர், பாடசாலையிலே தன் மகளின் முன்னிலையில் இத்தொடர் ஓதப்படுவது அரசியலமைப்புக்கு மாறானது என வழக்குத் தொடுத்தார். 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. நாடு கொந்தளித்தது, காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றப் படிகளிலே கூடி நின்று அவ்வுறுதிமொழியை உரக்க ஓதினர். 2004இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழியை நாடியது. பிள்ளையின் பராமரிப்புத் தொடர்பாகப் பெற்றோரிடையே பிணக்கு இருந்தமையால், தந்தைக்கு இவ்வழக்கைத் தொடுக்கும் தகுதியில்லை எனப் பெரும்பான்மை நீதியரசர் தீர்மானித்து அடிப்படை வினாவுக்கு விடை கூறாது விட்டனர். தாயோ கிறிஸ்தவ நம்பிக்கையுடையவர். அத்தொடரை ஓதுவதில் மகளுக்கு மறுப்பில்லை என்றார். தந்தை ஒன்றுரைத்தார், தாய் ஒன்றுரைத்தார், அரசு ஒன்றுரைத்தது. நாள்தோறும் அச்சொற்களைக் கேட்டு நின்ற பிள்ளையின் உள்ளத்தில் யாது இருந்தது என்பது மட்டும் வழக்கின் விடயமாகவே அமையவில்லை.

இத்தொடரை ஆதரிப்போர் நீதிமன்றங்களில் முன்வைக்கும் காரணமே அறவியல் மாணவனின் சிந்தனையைத் தூண்டுவது. அத்தொடர் பிரார்த்தனையன்று, நிகழ்ச்சிகளுக்கு மாண்பூட்டும் சடங்குமொழியே என்பது நீதியரசர் ஓகொனர் 2004இல் எடுத்துரைத்த கருத்தின் சாரம். இதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், 1984இல், நீதியரசர் பிரெனன் இக்கருத்தை இன்னும் வெளிப்படையாகக் கூறியிருந்தார். மீண்டும் மீண்டும் இயந்திரம்போல் ஓதப்பட்டமையால் இத்தகைய தொடர்கள் குறிப்பிடத்தக்க சமயப் பொருளை இழந்துவிட்டன. ஆதலினாலேயே அவை அனுமதிக்கத்தக்கன எனக் கொள்ளலாம் என்றார் அவர்.

இறைநம்பிக்கை உடையவனாகிய எனக்கு இவ்வாதமே பெரிதும் அச்சந் தருவதாக உள்ளது. இங்கு இரண்டிலொன்றே உண்மையாதல் கூடும். இறைநாமம் அவ்வுறுதிமொழியிலே தன் பொருளோடு விளங்குகின்றதெனின், நம்பாத வீட்டுப் பிள்ளையின் நாவில் அரசு நம்பிக்கையைத் திணிக்கின்றது. பொருளிழந்து விளங்குகின்றதெனின், நம்பும் வீட்டுப் பிள்ளைக்கு இறைநாமத்தைப் பொருளின்றி உச்சரிக்க அரசு பழக்குகின்றது. முன்னையது நாத்திகனுக்கு இழைக்கும் தீங்கு. பின்னையது ஆத்திகனுக்கு இழைக்கும் தீங்கு. இறைவன் பெயரை வீணே வழங்காதிருத்தல் விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். வெறுஞ்சொல் என நிறுவியே காப்பாற்ற வேண்டிய நிலையில் இறைநாமம் இருக்குமாயின், அதனைக் காப்பவர் உண்மையில் எதனைக் காக்கின்றனர்?

இதற்கு மறுப்புகள் இல்லாமலில்லை. 'எவரும் வற்புறுத்தப்படவில்லை, விரும்பாத பிள்ளை வாளாவிருக்கலாம்' என்பது முதலாவது. 1943ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்வுரிமையை வழங்கியிருப்பது உண்மையே. ஆனால், முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஓதும்போது ஒரு பிள்ளை மௌனமாய் நிற்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்! பாடசாலைப் பட்டமளிப்பு விழாப் பிரார்த்தனை பற்றிய 1992ஆம் ஆண்டு வழக்கிலே, சகபாடிகளின் மறைமுக நெருக்குதலும் நிர்ப்பந்தமே என அந்நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. இத்தீர்ப்பின் வழி நோக்கின் உறுதிமொழி ஓதுதலும் செல்லாததாகும் என்று 2004இல் நீதியரசர் தோமஸ் ஒப்புக்கொண்டார். எனினும் அதனாற் பிழையெனக் கண்டது உறுதிமொழியையன்று, முன்னைய தீர்ப்பையே என்றும் அவர் கூறினார்.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலிமை வாய்ந்தது. 'பிள்ளைகள் பொருளறிந்த பின்னரே எதனையும் ஓதவேண்டுமெனின் எந்தப் பண்பாடும் நிலைக்காது. பழக்கமே நற்குணத்தின் வாயில் என அரிஸ்டோட்டில் கூறவில்லையா? நாமெல்லாம் பொருளறியாத வயதிலன்றோ தேவாரம் பாடக் கற்றோம்?' என்பர். இது மறுக்கவொண்ணா உண்மை. அன்று பொருளறியாது பாடிய பாடல் பின்னொருநாள் துயர்வேளையிற் பொருளோடு திரும்பி வருதலை நம்முள் பலர் அனுபவித்திருக்கின்றோம். ஆயின், வீட்டிலே தாய் ஓதுவிப்பது தான் நம்பும் ஒன்றை; பிள்ளை வளர்ந்தபின் அதனை ஏற்கவும் விலக்கவும் கூடும். அரசோ நம்பவும் நம்பாதிருக்கவும் கூடிய உள்ளமொன்று உடையதன்று. அதனிடம் இருப்பது சட்டமும் அதிகாரமுமே. தாயின் குரலிற் பிறந்த இறைநாமமும் சட்டத்தின் பிரிவொன்றிற் பிறந்த இறைநாமமும் ஓசையால் ஒன்றாயினும் தன்மையால் வேறானவை. மேலும், பழக்கத்தால் வருவது ஒழுக்கம். எழுந்து நிற்றல், பிறரை மதித்தல், அமைதி காத்தல் ஆகியவற்றைப் பழக்கலாம். உறுதிமொழியோ பழக்கமன்று, தீர்மானம்.

இவ்வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் தெளிவாக எடுத்துக்காட்டியது. கேரளத்திலே யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. அதற்காக 1985இல் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டனர். மேற்கூறிய அமெரிக்கத் தீர்ப்புகளையும் ஆராய்ந்த நீதிமன்றம், எழுந்து நின்றமையே போதிய மரியாதை எனக் கொண்டு அப்பிள்ளைகளை மீண்டும் சேர்க்குமாறு பணித்தது. உடலால் மரியாதை செலுத்துமாறு சமுதாயம் கேட்கலாம். உள்ளத்தின் சொல்லை அது கேட்டுப் பெற இயலாது என்னும் உண்மை இதனாற் பெறப்படும்.

முடிவாக நோக்கின், 2010இல் அதே கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் பிறிதொரு வழக்கில் அத்தொடர் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அத்தொடர் இன்றும் அமெரிக்க வகுப்பறைகளில் ஒலிக்கின்றது. சட்டம் அதனை அனுமதிக்கலாம். ஆனால், அனுமதிக்கத்தக்கது யாது என்பது நீதிமன்றத்தின் வினா. செய்யத்தக்கது யாது என்பதே அறத்தின் வினா. ஒரு வகுப்பிலே முப்பது பிள்ளைகள் மனம் எங்கோ அலைய உறுதிமொழியை ஓதுகின்றனர். ஒரு பிள்ளை மாத்திரம், தான் நம்பாததைச் சொல்லலாகாதென மௌனமாய் நிற்கின்றது. உறுதிமொழி என்றால் யாது என்பதை அவ்வகுப்பில் உணர்ந்திருப்பது அப்பிள்ளை ஒன்றே. அத்தகைய உள்ளத்தைத் தன் குடிமகனிடத்து விரும்பாத நாடு உண்டோ? இறைவனும் விரும்புவது அதுவே என நான் நம்புகின்றேன்.