எது நல்ல துப்பாக்கி?

2020, மாசி மாதம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலையில், கோடியக்காட்டை ஒட்டி ஒரு கடலைக் கொல்லை, கொல்லையை ஒட்டி நண்பனின் பழைய வீடு. கூடத்தில் பாய் விரித்து, எண்ணெய்த் துணி போட்டு, மூன்று துப்பாக்கிகளைப் படுக்க வைத்திருந்தான். பாகப்பிரிவினைக்குப் பாத்திரம் பரப்பிய மாதிரி இருந்தது.

முதலாவது, தாத்தா காலத்துப் பன்னிரண்டு 'போர்' அளவு இரட்டைக்குழல். இரண்டாவதும் தாத்தா வாங்கியதுதான்: பர்மிங்ஹாமில் செய்த பி.எஸ்.ஏ. .315 ரைபிள். மூன்றாவது அப்பா வாங்கியது. அதே .315, ஆனால் வங்காளத்து ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலைச் சரக்கு. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது. பரம்பரைச் சொத்தானாலும் கணக்கு இரண்டுதான். மிச்சத்தை ஓராண்டுக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தாக வேண்டும். இரட்டைக்குழல் இருக்கட்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டதாம். மீதி இரண்டில் எதைக் கொடுப்பது? "எல்லாத்துலயும் தர்க்கம் பேசுவியே, நீயே சொல்லு" என்றான்.

இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். போல்ட்டின் குமிழைப் பிடித்து மேலே திருப்பிப் பின்னால் இழுப்பது, கதவுத் தாழ்ப்பாளை நீக்குகிற அதே கைவாகுதான். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால், பெட்டியிலுள்ள தோட்டாக்களில் மேலே இருப்பது குழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். லீ என்பவர் வகுத்த இந்த அமைப்பில், முன்னே தள்ளும் கடைசி அங்குலத்தில்தான் வில் முறுகும். அங்கே கைக்கு ஒரு முரண்டு தெரியும். பர்மிங்ஹாமிலும் அதே முரண்டு, ஈஷாப்பூரிலும் அதே. இரண்டு உலகப் போரில் நம் சிப்பாய்கள் சுமந்த லீ என்ஃபீல்டுக்கு இரண்டும் பங்காளிகள். பி.எஸ்.ஏ.யின் கட்டை வால்நட். ரேகை ஓடி, உறையிலிருந்து எடுத்த வீணை மாதிரி இருந்தது. ஈஷாப்பூருக்கு அந்தச் சீமாட்டித்தனம் இல்லை. வயலில் இறங்குகிற ஆள். ஆனால் இரண்டும் தின்பது ஒரே 8 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான்.

இந்த .315 என்ற அளவே ஒரு சந்தேகத்துக்குப் பிறந்த பிள்ளை. பட்டாளத்தின் தோட்டா .303. அதே அளவுத் துப்பாக்கி குடிமக்கள் கையிலும் இருந்தால், கிடங்கிலிருந்து திருடிப் போட்டுச் சுடுவார்கள் என்று வெள்ளைக்கார அரசாங்கம் பயந்தது. அதனால் ஆஸ்திரியப் பட்டாளத்தின் பழைய மான்லிஷர் தோட்டா இந்தியாவில் வேட்டைத் தோட்டா ஆனது. வெள்ளைக்காரன் போன பிறகும் சந்தேகம் போகவில்லை. பட்டாள அளவுகள் இன்றும் குடிமகனுக்குத் தடை; .315ஐ நம் அரசுத் தொழிற்சாலைகளே செய்து விற்கின்றன.

1980களின் நடுவில், பேர்பெற்ற குறிசுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு வைத்து, மற்றவர்களுக்கு இறக்குமதிக் கதவைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து சீமை ரைபிள் என்பது உள்நாட்டுக்குள்ளேயே கைமாறுகிற பழஞ்சரக்கு. பழசுக்குப் புதுசைவிடப் பல மடங்கு விலை. பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர் ஈஷாப்பூர்க்காரரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பட்டு வேட்டி மல்லு வேட்டியைப் பார்ப்பது போல.

சரி, இவற்றால் என்ன செய்வார்கள்? ஈஷாப்பூர்ப் பட்டியலில் இதன் பெயர் 'ஸ்போர்ட்டிங் ரைபிள்'. எந்த ஸ்போர்ட்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைச் சுருக்கியது. 1991 திருத்தம் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் ஒழித்துக்கட்டியது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு மட்டையை மட்டும் செய்து விற்றுக்கொண்டிருக்கிறோம். (அட்டையைக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களின் துப்பாக்கி பெரும்பாலும் வேறு வகை.) வடக்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைச் சுடுகிறார்கள், 2019 திருத்தத்தில் அதற்கும் தனித் தண்டனை வந்துவிட்டது. மற்றபடி பீரோவில் கிடக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, முடிந்ததும் திரும்பி வரும்.

தூணோரம் வீட்டுக் காரியக்காரர் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர். 1967 ஜூனில் கோடியக்கரை சரணாலயம் ஆவதற்கு முன்னால், தாத்தா சீட்டு வாங்கிக்கொண்டு வெளிமான் சுடப் போனபோது தோட்டாப் பை தூக்கிய பையன் அவர்தான். "நீங்க சொல்லுங்கய்யா, எது நல்ல துப்பாக்கி?" என்று கேட்டேன்.

"சுடுறவங்களுக்கு எல்லாமே நல்ல துப்பாக்கிதாங்க. சரியாப் பட்டுச்சுன்னா ஜீப்புல ஏத்திடுவாங்க. படலேன்னா, 'டேய், போய்ப் பாருடா'ம்பாங்க. போய்ப் பாக்குறவன் நாந்தானுங்களே."

ஒருமுறை வயிற்றில் குண்டு பட்ட கலைமானைத் தேடி, விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை உப்புச் சேற்றில் நடந்திருக்கிறார். குளம்புத் தடங்களுக்கு நடுவே குடல் இழுபட்ட தடம், பலகையில் கோடு கிழித்த மாதிரி போனதாம். கண்டுபிடித்தபோது மான் உட்கார்ந்திருந்தது. "என்னையே பாத்துச்சு. எங்கிட்ட துப்பாக்கி ஏது? திரும்ப ஓடியாந்து பெரியய்யாகிட்ட சொன்னேன். அவங்க சாப்புட்டுக்கிட்டு இருந்தாங்க."

அந்தத் துப்பாக்கிதான் வால்நட் ரேகையோடு என் மடியில் கிடந்தது.

துப்பாக்கிகளை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் கட்டைப் பக்கத்தில் உட்கார்ந்தே ஒப்பிடுகிறார்கள். எடை, உதைப்பு, விலை, பேர். குழலின் வாய்ப் பக்கம் போய் நின்றால் இந்தப் பட்டியலில் எதுவும் மிஞ்சாது. அங்கே ஒரே கேள்வி: எத்தனை நிமிடம்? .315இன் குண்டு விநாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, ஒலியைவிட முந்தி. நன்றாகச் சுடப்பட்ட மானுக்கு வெடிச் சத்தம் கேட்பதே இல்லை. மோசமாகச் சுடப்பட்ட மானுக்குக் கேட்கும், அதன் பிறகும் காலம் நிறைய இருக்கும்.

இந்தக் கேள்வியை உலகம் எப்படிக் கையாண்டிருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். ஈஷாப்பூருக்கு அதிக தூரத்தில் இல்லாத ஊர் டம்டம். 1890களில் அங்கிருந்த ஆயுதச் சாலையில்தான் உடம்புக்குள் போனதும் மொட்டவிழ்கிற மாதிரி விரியும் குண்டு செய்தார்கள். அந்த வகைக்கே டம்டம் என்று பேராகிவிட்டது. மனிதனைச் சுட இது கொடூரம் என்று 1899இல் ஹேக் மாநாட்டில் தடை போட்டார்கள். அதே விரியும் குண்டை மானுக்குப் பரிந்துரைப்பதும் கருணையின் பெயரால்தான். விரியாத குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும், மான் காயத்தோடு ஓடும். ஆகவே மென்முனையோ குழிமுனையோ உள்ள குண்டால்தான் மானைச் சுட வேண்டும் என்று இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு மான் சட்டமே சொல்கிறது. கேட்டால் காரணம் வைத்திருப்பார்கள்: சிப்பாயைச் சண்டையிலிருந்து விலக்கினால் போதும், கொல்ல வேண்டியதில்லை, மானைக் கொல்லத்தான் போகிறோம், சீக்கிரம் கொல்வோம். ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம்தான். எனக்கு அதில் பிடித்தது, மனிதர்கள் ஒரு தடவையாவது வாய்ப் பக்கம் நின்று நிமிடங்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது.

நம் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்கென்று வருகிற விவசாயிக்கு எந்தத் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது தெரியுமா? வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு. கரிமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, பால்ரஸ் குண்டைப் போட்டு, மறுபடி இடித்து, ஒரு வெடி. புகை கலைவதற்குள் காட்டுப் பன்றி அடுத்த கொல்லையில் இருக்கும், உடம்பில் நாலு பால்ரஸோடு. துல்லியமான ரைபிளுக்கு 'தக்க காரணம்' காட்ட வேண்டும். அந்தக் காரணம் மிராசுதாருக்கு எளிதாகக் கிடைத்தது, வரப்பில் தூங்குகிறவனுக்குக் கிடைக்கவில்லை. தேவை இல்லாதவனுக்கு வேகமான சாவைத் தரும் கருவி. தேவை உள்ளவனுக்கு மெதுவான சாவைத் தரும் கருவி. சட்டம் எழுதியவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏழை கையில் எது ஆபத்தில்லாதது என்று அரசாங்கத்தின் பக்கம் நின்று யோசித்தார்கள். பன்றியின் பக்கம் நின்று யோசிக்க யாரும் சம்பளம் தருவதில்லை.

நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்ட நரிக்குறவர் படம் பேப்பரில் வருகிறது: கைகட்டி நிற்பார், எதிரே நாலு கொக்கு. பெயர் 'வேட்டைக் கும்பல்'. 1947இல் கொரியா சமஸ்தான மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ஒரே இரவில் மூன்று சிவிங்கிப் புலிகளைச் சுட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகள் அவைதான் என்பார்கள். 1952இல் இனமே அற்றுவிட்டதாக அறிவித்தார்கள். அவர் பேருக்கு முன்னால் இன்றும் 'மகாராஜா' இருக்கிறது. வெளிமானுக்கு அந்த ஓட்டத்தைக் கற்றுக்கொடுத்ததே சிவிங்கிதான். கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமான் கூட்டம் திடுமென்று துள்ளிப் பாயும்போது, துரத்த ஆளில்லாத ஓட்டமாக அது எனக்குத் தோன்றும்.

கோடியக்கரையில் உயரமான இடம் ராமர் பாதம் என்கிற மேடு. இலங்கையைப் பார்க்க ராமர் நின்ற இடமாம். மான் பின்னால் போனதில்தான் அவர் சங்கடமே ஆரம்பித்தது என்பதைப் பக்தர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மான் பின்னால் போனவரின் பாதத்துக்கு மேலே பூ; கீழே, மான் பின்னால் போனால் ஜெயில் என்று வனத்துறைப் பலகை. இரண்டையும் ஒரே பயணத்தில் கும்பிட்டுவிட்டு, திரும்புகிற வழியில் நாட்டுக்கோழி பிரியாணி சாப்பிடுகிறோம். அதில் எனக்குப் புகாரில்லை, நானும் சாப்பிட்டேன். ஆனால் வெளிமான் அழகு, அதனால் அதன் உயிர் உயிர். பன்றி அசிங்கம், அதன் சாவைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்கிற கணக்குக்கு ஜீவகாருண்யம் என்று பெயர் வைக்காதீர்கள்.

அந்தச் சாவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் துப்பாக்கி இல்லாத விவசாயிகளில் சிலர் வைப்பது அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடிமருந்து. கடித்தால் வெடிக்கும். கோவைப் பக்கம் யானைகளே அதில் செத்திருக்கின்றன. 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது: காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் கிடையாது. வரைபடத்தில் பார்த்தால் நியாயம். கோடியக்காட்டுக் கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அங்கே பன்றிக்குத் துப்பாக்கியிலிருந்து காப்பு உண்டு, வெடியிலிருந்து கிடையாது.

கொல்லக் கூடாது என்றால், தின்ற கடலைக்கு முழு விலையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். கொல்லத்தான் வேண்டும் என்றால், பயிற்சி பெற்ற கையில் நல்ல ரைபிளைக் கொடுத்து, எத்தனை தோட்டா, எத்தனை நிமிடம் என்று கணக்கெழுதச் சொல்லுங்கள். அகிம்சை பேசுகிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை என்பதற்காக எதுவும் வலியில் சாகவில்லை என்று நம்புகிறவர்களோடு எனக்கு வாதம் செய்ய ஒன்றுமில்லை.

2020இல், துப்பாக்கிகளைப் பார்த்த அன்று இரவு, கொல்லைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. காலையில் காரியக்காரர் வந்து கூப்பிட்டார். பன்றி வரப்பில் நின்றுகொண்டிருந்தது. கீழ்த்தாடை இல்லை. மூச்சு விடும்போது கொப்புளம் கொப்புளமாக ரத்தம் வந்து மார்பில் வழிந்தது. எங்களைப் பார்த்து ஓடவும் இல்லை.

"சின்னய்யா, ஒண்ண எடுத்தாங்க. எதுவா இருந்தாலும் சரி."

நண்பன் பீரோச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சுட்டால் வழக்கு, உரிமமும் போய்விடும். வனத்துறைக்குப் போன் போட்டோம். அப்போது மணி ஏழு இருபது. அவர்கள் வருவதற்குள், ஒன்பதே காலுக்கு, அது தானாகவே முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. அவ்வளவு நேரமும் காரியக்காரர் வரப்பைவிட்டு நகரவில்லை. நான் இரண்டு தடவை வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் நண்பன் ஈஷாப்பூரைக் கொண்டுபோய் ஒப்படைத்தான். பி.எஸ்.ஏ. தாத்தா ஞாபகமாம். ரசீதில் துப்பாக்கி எண், அளவு, எல்லாம் எழுதி, கடைசியில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று போட்டுக் கொடுத்தார்கள்.