பாட்டுக்கு முகம் வைப்பவர்

இசையைக் கேட்கலாமா, கூடாதா என்னும் வினா நம்மவரிடையே ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வழங்கி வருவது. இசைந்தும் மறுத்தும் எழுதப்பட்ட கிதாபுகளை அடுக்கினால் ஒரு மதரஸாவின் நூலகமே நிறையும். அந்த வழக்கை மீண்டும் தொடுக்க நான் முற்படவில்லை. அப்பெருமக்கள் எவரும் எதிர்கொள்ளாத வேறொரு வினா இன்று நம் பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கிறது. இசையைப் பார்க்கும்போது பாட்டுக்கு என்ன நேர்கிறது? கேட்பவனுக்கு என்ன நேர்கிறது?

மியூசிக் வீடியோ என்று உலகம் அழைப்பதை இங்கே பாடற்காட்சி என்று குறிப்பேன். இது திரைப்படப் பாட்டு அன்று. திரைப்படத்தில் வரும் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு கதை உண்டு. பாடுபவள் யார், எதற்காக அழுகிறாள் என்பது நமக்கு முன்பே தெரியும். பாடற்காட்சிக்கு அப்படியொரு முன்கதை கிடையாது. மூன்று நான்கு நிமிடங்களில் தானே தோன்றித் தானே முடிவது அது. எனினும் சென்னைத் தொலைக்காட்சி வெள்ளிக்கிழமை தோறும் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் திரைப்பாட்டைக் கதையிலிருந்து கழற்றித் தனியே காட்டிய நாள்களிலேயே நம் கண்கள் இதற்குப் பழகத் தொடங்கிவிட்டன என்பது என் எண்ணம்.

அதன் முதல் நோக்கம் வாணிகம். இதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை. இசைத்தட்டை விற்பதற்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படமே பின்னர் ஒரு கலையாக வளர்ந்தது. 1981 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் நிலையம் பாடற்காட்சிகளுக்கென்றே தொடங்கப்பட்டது. வானொலிப் பாடகனைக் காணொளி கொன்றுவிட்டது என்னும் கருத்துடைய பாட்டைத்தான் அந்நிலையம் முதன்முதலில் ஒளிபரப்பியது. கொன்றவரே முரசறைந்து அறிவித்தது போல!

வாணிகம் அல்லாத நோக்கமும் உண்டு. 1988 ஆகஸ்டு 15ஆம் நாள் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'மிலே சுர் மேரா துமாரா'வை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே கருத்து மொழிதோறும் மாறிமாறிப் பாடப்பெற, முகங்களும் நிலங்களும் மாறிக்கொண்டே வந்தன. தமிழ் வரி வந்தபோது நம் வீடுகளில் ஒரு நிமிர்வு உண்டானது உண்மை. அங்கே படம் பாட்டுக்கு அடிமையாயிற்று. பாட்டும் நாட்டின் ஒருமைப்பாடு என்னும் ஒரு கருத்துக்கு அடிமையாயிற்று.

இனி என் வழக்குக்கு வருகிறேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இசை கேட்டலுக்கென்றே ஒரு தனிப் பகுதி வகுத்திருக்கிறார்கள். உள்ளத்தில் முன்பே எது மேலோங்கி நிற்கிறதோ, அதையே இசை அசைக்கிறது என்பது அவர்கள் கருத்து. இல்லாத ஒன்றை அது கொண்டுவந்து வைப்பதில்லை. அங்கேயே மற்றொரு நுட்பமும் பேசுகிறார்கள். அழகை வருணிக்கும் கவிதையைப் பாடுவதும் கேட்பதும் தம்மளவில் குற்றம் ஆகா. கேட்பவன் அவ்வருணனையைத் தனக்கு ஆகாத, குறிப்பிட்ட ஒரு பெண்ணின்மீது இறக்கி வைத்தால், இறக்கிய அவனே குற்றவாளி. இந்த இறக்கி வைத்தலுக்கு அவர்கள் ஆண்ட சொல் 'தன்ஸீல்'. கவிஞன் பொதுவாகச் சொன்னதை இன்னார் என்று சுட்டுவது கேட்பவன் உள்ளம். ஆகவே பொறுப்பும் அவனுடையது. எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக எங்கள் வகுப்புகளில் இப்பாடம் இவ்வாறே நடந்து வந்திருக்கிறது.

பாடற்காட்சி செய்திருக்கும் மாற்றம் இதுதான்: தன்ஸீலைக் கேட்பவன் கையிலிருந்து எடுத்து இயக்குநர் கையில் கொடுத்துவிட்டது. நிலவு போன்ற முகம் என்று பாடகன் சொல்லி வாய் மூடுவதற்குள் அம்முகம் திரையில் வந்து நிற்கிறது. நான் என் தாயை நினைத்திருக்கலாம். மற்றொருவன் தன் மனைவியை நினைத்திருக்கலாம். இறையன்பர் ஒருவர் எந்த முகமும் இல்லாத ஒன்றை நினைத்திருக்கலாம். அத்தனை பேருக்கும் இப்போது ஒரே முகம், அதுவும் கூலிக்கு நடித்த ஒருத்தியின் முகம்.

எங்கள் கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்திற்குப் போகும் பாதையில் பீங்கான் தொழில் செய்வோர் பலரை அறிவேன். பொம்மை வார்ப்பவர்கள் களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு அசையாது, அழுத்தாது. கூழிலுள்ள நீரை மட்டும் மெல்லக் குடிக்கும். நீர் வற்ற வற்ற மண் அச்சின் சுவரோடு ஒட்டி உருவம் கொள்ளும். சூளைக்குப் போகும்முன் அதைத் திரும்பக் கரைத்துவிடலாம், சுட்டபின் இயலாது. பாட்டிலுள்ள ஈரத்தைப் படம் குடிப்பதும் இப்படித்தான். ஒரு பாட்டை நூறு முறை படத்தோடு பார்த்தவன், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தப் படத்தையே காண்கிறான். விருத்தாசலம் பேருந்தின் முன்புறத்தில் மாட்டியிருக்கும் திரையைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் இளைஞனைக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் முதல் அடி ஒலித்ததும் அவன் கண்ணுக்குள் ஓடுவது என்னவென்று சொல்வான்.

இவ்வுருவத்தை ஏற்றும் தொழில்நுட்பங்கள் சிலவற்றைப் படப்பிடிப்பு அறிந்த என் மாணவன் ஒருவன் எனக்கு விளக்கினான். பாட்டு முன்பே பதிவாகி இருக்கும். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிப்பவர் உதடு மட்டும் அசைப்பார். தாளத்தின் அடி விழும் இடத்தில் காட்சி வெட்டப்படும். அதனால் கண்ணும் காதும் ஒன்றையே உணர்வதாக மயங்கும். எனக்கு வியப்பளித்தது மற்றொன்று. உடையும் கூந்தலும் மெல்ல மிதக்க, உதடுகள் மட்டும் பாட்டோடு பிசகாமல் பொருந்தும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, நடிப்பவரை அவ்வேகத்திற்கே வாயசைக்கச் செய்து, நொடிக்கு 24க்குப் பதிலாக 48 படங்கள் எடுப்பார்களாம். அதை வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது உடல் பாதி வேகத்தில் மிதக்கும். உதடு மட்டும் சரியான காலத்தில் நிற்கும். கீச்சுக்குரலில் விரைந்தோடும் காதற்பாட்டுக்குத்தான் அந்த ஏக்கமெல்லாம் நடிக்கப்பட்டது என்பதைப் பார்ப்பவர் அறியார்.

ஒப்பனையே இல்லாதது போல் காட்டுவதும் ஒரு பாணி. 2011 நவம்பரில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'கொலவெறி' பாட்டுக்கு ஒலிப்பதிவு அறையையே காட்சியாக்கினார்கள். காதில் கருவி மாட்டிய தனுஷ் பாடுகிறார், சுற்றிலும் நண்பர்கள் இருக்கிறார்கள். நாம் தற்செயலாக எட்டிப் பார்த்தது போன்ற உணர்வு உண்டாகிறது. எட்டிப் பார்க்க வைப்பதற்கும் காமிராவை ஓர் இடத்தில் நிறுத்தத்தானே வேண்டும்?

பாட்டின் பொருளையே படம் கெடுப்பது எப்போது என்று அறிய, குணங்குடி மஸ்தான் சாகிபை எடுத்துக்கொள்ளுங்கள். 'மனோன்மணிக் கண்ணி'யில் அவர் மெய்ப்பொருளைக் காதலியாக அழைத்து உருகுகிறார். அதைப் பாடற்காட்சியாக எடுக்க ஒருவர் முற்பட்டால் மனோன்மணிக்கு யாரை நிறுத்துவார்? ஒரு பெண்ணை நிறுத்திய அக்கணமே ஞானி காமுகர் ஆகிவிடுவார். சொல்லில் பெண், பொருளில் பெண்ணில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள அந்த வெளியில்தான் சூஃபிப் பாட்டு முழுவதும் வாழ்கிறது. காமிராவால் சொல்லைத்தான் பிடிக்க முடியும். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை ஆறும் வயலும் நிறைந்த மருத நிலமாகப் பாடியதைக் கேட்டு, பொய் என்று நாம் சொல்வதில்லை. தமிழ்ப் புலவர் தம் நாட்டின் வளத்தை நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணுக்குக் காணிக்கையாக்கினார் என்று கொள்கிறோம். அதையே படமாக எடுத்து மக்காவில் நெல்வயலைக் காட்டினால் சிறுபிள்ளையும் சிரிக்கும்.

நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரல் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் வீடு வீடாகச் சென்ற காலம் நமக்குத் தெரியும். 2015 ஏப்ரலில் அவர் மறையும் வரை, மறைந்த பின்னும், அக்குரலைக் கேட்டு உருகியவர்களில் முஸ்லிம் அல்லாதாரும் ஏராளம். முகம் இல்லாமல் வந்ததால் அக்குரல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது என்பேன். இன்று அதே பாட்டுகளை இணையத்தில் தேடினால் அருவி, ரோசாப்பூ, புறா, மினாரா என்று மாறிமாறி வரும் படங்களோடு கிடைக்கின்றன. ஏற்றியவர்களின் அன்பில் ஐயமில்லை. ஆனால் இறைவனிடம் இறைஞ்சும் ஒரு வரிக்கும் அந்த ரோசாவுக்கும் என்ன தொடர்பு? வெற்றிடம் பொறுக்காமல் வைத்த பூ அது. நல்ல குரலுக்கு ஒரு கறுப்புத் திரை போதாதா?

அப்படியானால் உருவம் கூடாத பொருளுக்குப் பாடற்காட்சியே கூடாது என்று முடிக்கலாமா? 2003ஆம் ஆண்டு ஆங்கிலேய நாட்டுப் பாடகர் சாமி யூசுஃப் 'அல்முஅல்லிம்' என்னும் பாட்டை வெளியிட்டார். 'ஆசான்' என்பது அதன் பொருள். நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றியது. அவர்களை உருவமாகக் காட்டுதல் கூடாது. எனவே காட்சியில் வருபவன் புகைப்படத் தொழில் செய்யும் ஓர் இளைஞன். அவன் தாயிடம் காட்டும் பணிவும் பிறரிடம் காட்டும் கனிவுமே காட்சியை நிறைக்கின்றன. ஆசான் எங்கும் இல்லை; மாணவனின் நடத்தையில் ஆசான் தெரிகிறார். அரபு அணியிலக்கணத்தில் இதைக் 'கினாயா' என்பர். வள்ளலைப் புகழ, அவன் அடுப்பில் சாம்பல் மிகுதி என்று சொல்வது எங்கள் பாடநூலின் பழைய எடுத்துக்காட்டு. சாம்பல் மிகுந்தால் சமையல் மிகுதி, சமையல் மிகுந்தால் விருந்து மிகுதி. வள்ளலின் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, சாம்பலைக் காட்டினால் போதும். தடை ஒன்று இருந்ததாலேயே இங்கே கலை வழிகண்டது.

என் வாதத்தை எதிர்த்து நிற்கும் காட்சி ஒன்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. 2021 மார்ச்சு 7ஆம் நாள் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' அது. அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. காட்சியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்விலிருந்து அறிவு இப்பாட்டை எடுத்தார். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் முடிவாயிற்று. கொழுந்து பறித்த கைகளை இரு அரசுகள் கணக்கிட்டுப் பிரித்துக்கொண்ட கதை அது. காடு திருத்தியவருக்குக் காணி நிலம் இல்லை என்னும் முறையீடு அப்பாட்டில் இருக்கிறது.

இதைக் காதால் மட்டும் கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? துள்ளலான மெட்டு, கல்யாண மண்டபங்களில் ஆடினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மெட்டு அப்படி. ஆனால் இங்கே தன்ஸீலைக் கேட்பவனிடம் விட்டுவிட்டால் அவன் தன் மகிழ்ச்சியின்மீதே அதை இறக்கி வைத்துக்கொள்கிறான். பிறர் துயரம் அவனுக்குக் கேட்பதே இல்லை. காட்சியோ அவனை விடுவதில்லை. வறண்ட நிலத்தையும் உழைத்துக் கறுத்த முகங்களையும் முன்னே வைக்கிறது. அறிவின் பாட்டியையே காமிராவின் முன் அமர்த்தியிருக்கிறது. இவருடைய பாட்டு இது, உன்னுடையது அன்று என்கிறது. முகம் வைத்தல் எல்லா இடத்திலும் கேட்பவனின் உரிமையைப் பறிப்பது என்று நான் சொல்வேனானால், உரிமை இழந்த வேறொருவர் இருக்கிறார் என்று அம்மூதாட்டி மறுமொழி சொல்வார். அழகின் பாட்டில் முகம் வைப்பவன் கேட்பவனிடம் கடன்படுகிறான். அநீதியின் பாட்டில் முகம் வைக்காதவன் பாதிக்கப்பட்டவரிடம் கடன்படுகிறான். இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுத எனக்குத் துணிவில்லை.

கூலி வாங்கி நடித்த முகத்துக்கும் தன் வாழ்வைத் தந்த முகத்துக்கும் உள்ள வேற்றுமையை இதில் விட்டுவிடக் கூடாது. முன்னது மாற்றத்தக்கது, வேறொருத்தி நடித்திருந்தாலும் அப்பாட்டு அதேதான். பின்னதை மாற்ற முடியாது. அது சாட்சி. சாட்சியை அழைத்தவர்மீது, அழைக்கப்பட்டவருக்கு உரிய மதிப்பைக் காக்கும் அமானிதமும் ஏறிவிடுகிறது.

அந்த அமானிதம் எளிதன்று என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவின் படம் இல்லை, இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் அதைக் கண்டித்தனர். 2022 ஜூலை 28ஆம் நாள் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினர். அம்மேடையிலும் அறிவு இல்லை. சில நாள்களில் அவர் தம் உழைப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். இசையமைப்பாளரும் தீயும் தத்தம் விளக்கங்களை எழுதினர். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை இங்கிருந்து நான் அளந்து சொல்ல இயலாது. அந்நாள்களில் என் மாணவர் சிலர் இதைப் பற்றி வகுப்பு முடிந்தபின் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டின் சொற்களை அவர்கள் எவரும் எடுத்துப் பேசவில்லை. கைப்பேசியில் அக்காட்சியை ஓடவிட்டு, அந்த மூதாட்டி வரும் இடத்தில் நிறுத்தி, "ஹஜ்ரத், இவங்களைப் பாருங்க" என்று என்னிடம் நீட்டினார்கள்.