நிலவைப் பார்ப்பது குற்றமா?

சென்ற மாசித் திங்கள், முழுநிலவு நாள். பக்கத்துச் சிற்றூரில் படிப்பகத்தின் ஆண்டு விழாவை முடித்துக்கொண்டு, தோழர்கள் நால்வருடன் நாம் ஏரிக்கரை வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். மேடைப் பேச்சின் சூடு இன்னும் ஆறவில்லை. ஏரியில் பாதி நீர்தான். ஆயினும் அந்தப் பாதி நீரிலும் நிலவு முழுதாகவே கிடந்தது. "சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவோமே" என்றோம். உடன் வந்த தோழர் ஒருவர், உழைப்பிலும் நேர்மையிலும் நம்மினும் மூத்தவர், சட்டென்று நின்றார்.

"காதலித்த குற்றத்துக்குச் சாதிவெறி இளைஞர்களை வெட்டிச் சாய்க்கிறது. மலக்குழியில் இறங்கியவன் பிணமாக மேலே வருகிறான். இந்த நாட்டில், நமக்கு நிலவு ஒரு கேடா?"

உட்காரவில்லை, நடந்தோம். விடை சொல்ல நா எழவில்லை. வீடு வந்து படுத்த பிறகும் அந்தக் கேள்வி நம்முடனேயே விழித்திருந்தது. இந்த ஏட்டைப் படிக்கும் இளைஞர் பலர் நெஞ்சிலும் அது என்றேனும் முள்ளாய்த் தைத்திருக்கும். ஆகவே அதைப் பொதுவில் எடுத்து வைக்கிறோம்.

தோழர் கேட்டது வீண் கேள்வியன்று. அதன் நியாயத்தை நமக்கு முன்பே ஒரு சிறுமி கற்பித்திருக்கிறாள். ஆசிரியப் பணியில் நாம் சேர்ந்த முதலாண்டு. எட்டாம் வகுப்பு மாணவர்களை 'மழைக்காலத்தின் இன்பம்' என்ற தலைப்பில் கட்டுரை வரையச் சொன்னோம். நாற்பது ஏடுகள் வந்தன. முப்பத்தொன்பதில் வானம் கருத்தது, மயில் ஆடியது, உழவர் உள்ளம் குளிர்ந்தது! நாற்பதாவது ஏட்டில் மூன்றே வரிகள்: மழை வந்தால் பாயைச் சுருட்டுவோம், ஒழுகும் இடங்களில் அம்மா பாத்திரம் வைப்பாள், விடியும்வரை உட்கார்ந்திருப்போம்.

சிவப்பு மைப் பேனாவைக் கையில் பிடித்தபடி நாம் வெகுநேரம் இருந்தோம். எத்தனை மதிப்பெண் போடுவது? தலைப்பைக் கொடுத்த நமக்கல்லவா அன்று மதிப்பெண் போட்டுவிட்டாள் அவள்! ஓட்டு வீட்டுத் திண்ணையில் இருப்பவனுக்கு மழை பாட்டாக இருக்கிறது. ஓலைக் குடிசையில் இருப்பவனுக்கு அது பாடாக இருக்கிறது. இதை மறந்து இயற்கை அழகைப் புகழ்வோர் பலர். அவர்களைப் பற்றித்தான் தோழருக்குச் சினம் என்றால், அந்தச் சினத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை அதே சிறுமி ஒரு காகிதப் பொட்டலத்துடன் நம்மிடம் வந்தாள். உள்ளே அரிசியோடு வறுத்த ஈசல்! முதல்நாள் மாலை தூறல் விட்டதும், புற்றருகே விளக்கை வைத்து, கீழே பாத்திரத்தில் நீர் வைத்து, தம்பியும் அவளுமாகப் பிடித்தார்களாம். எந்தப் புற்றில் எப்போது கிளம்பும், கிளம்புமுன் காற்று எப்படி நின்றுபோகும், சிறகை எப்படிப் புடைத்து நீக்குவது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. மூன்று வரி எழுதியவளா இவள்? முப்பத்தொன்பது ஏடுகளிலும் இல்லாத மழை அவள் வாயில் பெய்தது.

இன்பம் அறியாத ஏழை என்று அவளைப் பற்றி நாம் முடிவு கட்டியிருந்தோமே, அதுவும் ஒருவகை மேட்டிமைதான். அவள் எழுதிய மூன்று வரியும் மெய். ஈசல் பொட்டலமும் மெய். கூரை ஒழுகுவது மழையின் குற்றமன்று. கூரையைச் செப்பனிடப் போராடுகிறவன், அவள் கையிலிருக்கும் பொட்டலத்தைப் பார்த்து, "இது உனக்கு ஒரு கேடா?" என்று கேட்பானா?

இன்பம் குற்றம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? உலகம் மாயை என்றார்கள். உடல் நாற்றம் பிடித்த பை என்றார்கள். இம்மையில் பட்டினி கிடந்தால் மறுமையில் பந்தி உண்டு என்றார்கள். சொன்னவர்கள் குடியிருந்தது எங்கே? ஆற்றங்கரையில், அக்ரகாரத் தென்னஞ்சோலையில், நன்செய் நடுவில்! மாயையிலும் நல்ல மாயையாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவர்க்கு மறுமையை ஒதுக்கி வைத்தார்கள். பொழுதையும் விட்டு வைத்தார்களா? ஆடியில் மணமில்லை, மார்கழியில் மங்கலமில்லை. நாள்தோறும் இராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. கூட்டிப் பாருங்கள்: வாரத்தில் 21 மணி நேரம் பஞ்சாங்கத்துக்குக் கப்பம்! பள்ளியில் கணக்கும் சொல்லிக் கொடுப்பவர் நாம் என்பதால் இந்தக் கூட்டல் நமக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

தமிழன் ஆண்டைப் பிரித்தது வேறு வகை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுது. ஒவ்வொன்றும் இரு திங்கள். முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று தொல்காப்பியம் வகுத்தது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறும் உரியன என்றனர் உரைகாரர். தீய பொழுது என ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. (அதற்காக அந்தக் காலத்தில் பாலும் தேனும் எல்லார் வீட்டிலும் ஓடின என்று நாம் கூறவரவில்லை. பரிசிலுக்காகக் காடு மலை கடந்த பாணன் பசியோடுதான் நடந்தான்.)

அந்த ஆறு பொழுதும் இன்றும் நம் ஊர் வழியே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆவணியில் பனம்பழம் விழும் ஓசை கேட்டு விடியுமுன் ஓடும் பிள்ளைகள்; ஐப்பசியில் ஈசல்; மார்கழி விடியலில் வரப்புப் புல்லில் தொங்கும் பனித்துளி, தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பொத்திப் பிடிக்கும் சுகம்; தையில் கடித்துத் துப்பும் கரும்பு; பங்குனியில் ஒரே வாரத்தில் பச்சை உடுத்தும் புங்கமரம், வழியெல்லாம் கொட்டிக் கிடக்கும் வேப்பம்பூ; வைகாசி வெயிலில் கட்டைவிரலால் தோண்டிக் குடிக்கும் நுங்கு; ஆடிக்காற்றில் அறுந்துபோன பட்டத்தின் பின்னே ஓட்டம். இவற்றில் எதற்குத் தட்சிணை வேண்டும்? எதற்குத் தரகர் வேண்டும்? அரசமரம் புனிதம் என்று யாரும் சொல்லாமலே அதன் நிழல் குளிர்ந்திருக்கிறது.

தோழர் வைதிகர் அல்லர். மறுமையை அவர் நம்பவில்லை. ஆயினும் அவர் சினத்தில் நமக்கு ஓர் அச்சம் தோன்றுகிறது. துறவியின் காவியைக் கழற்றி எறிந்துவிட்டு, அவன் முகத்தை மட்டும் நாம் மாட்டிக்கொள்கிறோமோ? நாளை வரும் சமத்துவத்துக்காக இன்றைய மாலையைத் தொடாதே என்பது, நாளை வரும் வீடுபேற்றுக்காக இன்றைய உணவைத் தொடாதே என்பதற்கு அண்டை வீடன்றோ?

நம் முன்னோர் எதற்காகப் போராடினர் என்று எண்ணிப் பார்ப்போம். 1924இல் வைக்கத்தில் கேட்டது அரண்மனையா? கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை! நாயும் பூனையும் நடந்த தெருவில் மனிதன் நடக்கலாகாது என்றார்கள். அதற்காகப் பெரியார் சிறை புகுந்தார். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் கேட்டது என்ன? பொதுக் குளத்தில் ஒரு கை நீர்! 1886இல் சிகாகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை என்றபோது, எஞ்சிய நேரம் உறங்கவும் உலவவும் தமக்கே வேண்டும் என்றுதான் கேட்டார்கள். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் அந்தத் தொழிலாளர் திருநாளைக் கொண்டாடினார் சிங்காரவேலர். கடைகளில் பகலெல்லாம் நின்றே வேலை செய்வோருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது எப்போது? 2021இல்! உட்காருவதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

தெருவும், குளமும், ஒழிந்த நேரமும், ஒரு நாற்காலியும்! சிற்றின்பம் என்று நாம் ஒதுக்கும் இவற்றைத்தான் ஆதிக்கம் முதலில் பறித்தது. நிலவைப் பறிக்க முடியாது. ஆகவே நிலவு விழும் இடத்தை வேலி போட்டு அடைத்தது. அந்த வேலியைப் பிடுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், திறந்த இடத்தில் உட்கார நாணுவதா?

ரோசா லக்சம்பர்க் என்ற புரட்சியாளரைத் தோழர் நன்கு அறிவார். போரை எதிர்த்ததற்காக 1916 முதல் 1918 வரை செருமானியச் சிறைகளில் அடைபட்டுக் கிடந்தவர். அங்கிருந்து அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் பறவைகளும் மேகங்களும் வண்டுகளும் நிறைந்திருக்கின்றன. செடிகளை அடையாளம் கண்டு, உலர்த்தி, ஏட்டில் ஒட்டிவைப்பது அவர் வழக்கம். அவரே 1917 திசம்பரில், சிறை முற்றத்தில் பாரவண்டி இழுத்த எருமைகளைக் காவல் வீரன் குருதி சொட்ட அடித்ததைக் கண்டு அழுததாக எழுதுகிறார். பறவையைக் கேட்ட செவிதான் எருமையின் வலியையும் கேட்டது. 1919 சனவரியில் அவரைக் கொன்றார்கள். அவருடைய செடி ஏடுகள் இன்றும் இருக்கின்றன.

எனினும் தோழரின் கேள்வியை நாம் முழுதும் ஒதுக்கிவிட முடியவில்லை. நிலவைப் பார்க்கலாமா என்பதை விட்டுவிடுவோம். யார் பார்க்கிறார்கள் என்று கேட்போம். எந்த ஊர் மதகுக் கட்டையிலும் மாலையில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அரசியலும் அரட்டையும் அங்கேதான். அதே வழியில் பெண்கள் விறகோடும் புல்லுக்கட்டோடும் போவார்கள், வருவார்கள். உட்கார்ந்த பெண்ணை யாரேனும் கண்டதுண்டா? கோயிலுக்கென்றால் போகலாம்; கடைக்கென்றால் போகலாம்; காற்று வாங்கப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் வீடு கிடுகிடுக்கும்! 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கும் மருத்துவமனைக்கும் அது உதவுவதைப் பலர் எடுத்துரைத்துவிட்டனர். ஒரு காரணமும் இன்றி ஏறி, கடைசி நிறுத்தம்வரை சன்னலோரம் அமர்ந்து போய்த் திரும்பிய பெண்ணைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். 2022 நவம்பரில் மெரினாவின் மணற்பரப்பில் சக்கர நாற்காலி செல்லப் பாதை அமைத்தார்கள். அடுத்த திங்களே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. புயலுக்கு முந்திய அந்தச் சில நாள்களில், ஆண்டுக்கணக்கில் அதே ஊரில் வாழ்ந்தும் தொடாத கடலைத் தொட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அது ஆடம்பரம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தோழருக்கும் மனம் வராது.

இவற்றையெல்லாம் தோழரிடம் சொன்னோம். "சரி, உம் நிலவை நீர் வைத்துக்கொள்ளும், துண்டறிக்கையை நாளை மறக்காமல் கொண்டுவாரும்" என்றார். கொண்டுபோனோம்.

நம் தமக்கை இதே ஏரிக்கரையில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் புல்லுக்கட்டுச் சுமந்து நடந்தவர். ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. ஏன் என்று கேட்டபோது, "உட்கார்ந்தால் யாராவது என்ன ஏது என்று கேட்பார்களே, தம்பி" என்றார். சித்திரை முழுநிலவன்று அவரை அழைத்துக்கொண்டு போனோம். அவித்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டோம். முதலில் நின்றார், முந்தானையை இழுத்துச் செருகினார், அப்புறம் மதகுக் கட்டையில் அமர்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். கடலைத் தோலை ஒவ்வொன்றாக நீரில் எறிந்துகொண்டிருந்தார். வழியில் மிதிவண்டியில் வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்னம்மா, யாருக்காகக் காத்திருக்கிறாய்?"

"யாருக்காகவும் இல்லை, மாமா. சும்மாதான்" என்றார் அக்கா.