மீன் பார்ப்பவர்களும் மீன் பார்த்துப் பிழைப்பவர்களும்

ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி உறையூருக்கு வந்தார்கள். 13 வாரத் தொடர் ஒன்று எடுக்கப் போகிறார்களாம். எல்லாம் வெளிப்புறப் படப்பிடிப்பு. பகலில் கடற்கரையில் மீன்பிடிப்பு, இரவில் அதே மணலில் படுத்து நட்சத்திரம் பார்ப்பது. சென்னையிலிருந்து ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் குப்பம் குப்பமாகப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். நான் எம்.ஏ. தமிழ் என்பதால் பின்னணிப் பேச்சை எழுதித் தர வேண்டும். அங்கங்கே சங்கப் பாட்டிலிருந்து நெய்தலைக் கொஞ்சம் தூவ வேண்டும்.

அவர்கள் கொடுத்த தாளில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரி இருந்தது: 'உள்ளூர் மீனவர் - 2 நிமிடம்.' அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். மீன் குழம்பு வைப்பார், அப்புறம் வானத்தைக் காட்டுவார் என்றார்கள். நட்சத்திரத்தின் பெயரை அவரே சொல்வாரா என்று கேட்டேன். "இல்லீங்க சார், அவரு கைய மட்டும் காட்டட்டும். பேர நாம பின்னணியில சொல்லிக்குவோம். அப்பத்தான் சரியா இருக்கும்" என்றார் ஒருவர்.

கை அவருடையது, பெயர் நம்முடையது. இந்த ஒரு வாக்கியம் என்னைப் பல மாதம் தூங்கவிடவில்லை. ஒரு சனத்தின் அறிவை இன்னொரு சனத்துக்கு எடுத்துச் சொல்வது தருமமா, திருட்டா? எந்த இடத்தில் அது ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுகிறது? இதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

தமிழில் மீன் என்றால் கடலில் இருப்பதும்தான், வானத்தில் இருப்பதும்தான். அறுமீன், எழுமீன், வடமீன் என்று பழைய இலக்கியம் வானத்து மீன்களை எண்ணி வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தவர்கள் யாராக இருக்கும்? திண்ணையில் உட்கார்ந்து ஓலையில் கணக்குப் போட்டவர்களாக இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன். இருட்டில் மரத்தைத் தள்ளிக்கொண்டு போய், கீழே ஒரு மினுக்கத்தையும் மேலே ஒரு மினுக்கத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களின் சொல்லாக அது இருக்க வேண்டும். இதற்கு என்னிடம் கல்வெட்டு இல்லை. சொல்லே போதும்.

கடல்காரர்களின் அறிவு விரலைக் காட்டுவதோடு முடிகிற அறிவும் அல்ல. விடிவெள்ளி, கூட்டுவெள்ளி, கப்பல்வெள்ளி என்று வெள்ளிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நீரோட்டத்துக்குத் தனிப் பெயர்கள். தென்கோடிக் கரையில் கணியம் என்று ஒன்று உண்டு. கரையில் தெரிகிற ஒரு மலையையும் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பார், அப்படியே இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தண்ணீருக்கடியில் மீன் அடைகிற பார் இருக்கிறது. இது வடிவியல். பள்ளிக்கூடத்தில் சொன்னால் வடிவியல், குப்பத்தில் சொன்னால் அனுபவம். அனுபவம் என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளமும் தர வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

இதில் நம் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அவர்கள் அழகுக்குப் பார்க்கிறார்கள், நாம் பிழைப்புக்குப் பார்க்கிறோம் என்று நாமே கோடு போட்டுவிடுகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. என் தாத்தாவுக்கு அது பொருந்தாது.

தாத்தா ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஒருவருடைய வாழைத் தோட்டத்தில் ராத்திரித் தண்ணீர் பாய்ச்சியவர். கடிகாரம் கிடையாது. மடை மாற்ற வேண்டிய நேரத்தை வெள்ளியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். விடிந்துவிட்டது என்று நம்பிக் கிளம்பிய செட்டியைக் கெடுத்த பொய் வெள்ளி ஒன்று உண்டு என்று எனக்குக் கதை சொன்னதும் அவர்தான். அதே ஊரிலிருந்து வாக்கியப் பஞ்சாங்கம் அச்சாகி வருகிறது. அதில் நட்சத்திரம் உண்டு, நாழிகை உண்டு, என் தாத்தாவின் வெள்ளி இல்லை.

ஒருநாள் மடை மாற்றி முடித்த பிறகும் வரப்பில் மல்லாந்து கிடந்தார். "என்ன தாத்தா, நேரம் பாக்குறியா?" என்றேன். "நேரம் என்னத்துக்கு? சும்மாத்தான் பாக்குறேன். அதுக்கும் அவன்கிட்ட உத்தரவு கேக்கணுமாடா?" என்றார். பகல் முழுக்கத் தலை குனிந்து நிற்க வேண்டியிருந்த மனுசனுக்கு, யாரும் இல்லாத ராத்திரியில் தலையை நிமிர்த்திப் பார்க்கக் கிடைத்த ஒரே பொருள் அந்த வானம். காரணமில்லாமல் பார்ப்பதும் ஓர் உரிமை. அந்த உரிமையைச் சென்னையிலிருந்து வருகிற இளைஞருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீனவருக்கு உபயோகத்தை மட்டும் ஒதுக்குவதும் ஒருவகை வருணப் பாகுபாடுதான்.

இனி அந்த வானத்தின் கதைக்கு வருவோம். தொலைக்காட்சிப் படம் இன்று வானத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக வருகிறது. இந்தியாவின் விண்வெளிக் கதை எங்கே தொடங்கியது? திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்தில். பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போகிறது என்பதால் விக்ரம் சாராபாய் அந்த இடத்தைத் தேர்ந்தார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா சனங்களிடம் பேச, மகதலேனா மரியாள் கோயிலும் சுற்றியிருந்த நிலமும் கொடுக்கப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. கோயில் பட்டறையானது, பிறகு அருங்காட்சியகமானது. 12 ஆண்டு கழித்து, 1975-76இல், ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி காட்டிய சோதனை நடந்தது. செயற்கைக்கோள் அமெரிக்காவுடையது, திட்டம் சாராபாய் காலத்துக் கனவு.

இந்தக் கதையைப் பள்ளிப் புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை எல்லோரும் சொல்கிறார்கள். விஞ்ஞானியின் பெயர் தெரிகிறது, ஆயரின் பெயர் தெரிகிறது. எழுந்து போன குடும்பங்களில் ஒன்றின் பெயராவது நமக்குத் தெரியுமா? அறிவியல் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. புயல் வருகிறது என்று மீனவருக்குச் சொல்வதும் அதே செயற்கைக்கோள்தான். ஆனால் வானத்தைப் படிக்க இடம் கொடுத்தவர்கள் வானத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதை அந்தக் கதை ஏன் ஒருதரம்கூடச் சொல்வதில்லை? 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அதுவும் கடற்கரைதான். இந்தத் தடவையாவது கதையை யார் சொல்லப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எங்கள் ஊருக்கும் இதில் ஓர் அனுபவம் இருக்கிறது. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றி அந்த நிலையம் விடாமல் பேசியது. தஞ்சை வட்டாரமெங்கும் அந்த நெல் பரவியது. சனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். உழவர் வீட்டுக்குள் உழவர் பேச்சில் பேசிய வானொலி அது. அந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் 'விவசாயப் பெருமக்களே' என்று கூப்பிட்டபோது யார் திரும்பிப் பார்த்தார்கள்? நிலம் வைத்திருந்தவர். நாற்றுப் பிடுங்கியவளும், நட்டவளும், அறுத்தவனும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. நெல் கூடியது, கூலி கூடவில்லை. கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்ட சண்டைதான் வளர்ந்து, அதே தஞ்சையில் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் எரித்ததில் போய் முடிந்தது. வானொலிதான் எரித்தது என்று சொல்லவில்லை. ஒரு தொழிலைப் பற்றி ஊருக்கே சொல்லும்போது, அந்தத் தொழிலைச் செய்கிறவரைச் சொல்லுக்கு வெளியே நிறுத்திவிட முடியும் என்பதைத்தான் சொல்கிறேன்.

உள்ளே கூட்டிக்கொண்டு வந்தே காணாமல் அடிக்கவும் முடியும். அதற்கும் எங்கள் ஊரிலேயே கதை இருக்கிறது. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வாரின் கதை. அரங்கத்துக்குள் நுழைய முடியாதவர். காவிரியின் தென்கரையில் நின்று கோயிலைப் பார்த்துப் பாடியவர். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்லியும் காதில் விழாததால் கல்லை விட்டெறிந்தார், நெற்றியில் ரத்தம் வந்தது. பிறகு கனவில் ஆணை வந்து, அதே லோகசாரங்கர் பாணரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார். பாணர் பத்துப் பாட்டுப் பாடினார், ஒளியோடு கலந்து மறைந்தார்.

இதைச் சமத்துவக் கதை என்கிறார்கள். எனக்கு எப்போதும் இரண்டு சந்தேகம். ஏன் தோளில் தூக்க வேண்டும்? அவருக்குக் கால் இல்லையா? கால் தரையில் பட்டால்தானே பின்னால் இன்னொருவர் நடந்து வருவார்? அடுத்தது, உள்ளே போனவர் ஏன் திரும்பி வரவேயில்லை? திரும்பி வந்து உறையூர்ச் சேரியில் உட்கார்ந்து, 'உள்ளே இன்னது இருக்கிறது' என்று ஏன் சொல்லவில்லை? அந்த 2 நிமிட மீனவரும் இப்படித்தான் தூக்கப்படுகிறார். கேமரா அவரைத் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுபோகிறது. விரல் தெரிகிறது. பிறகு அவர் பின்னணிக் குரலில் கரைந்து போகிறார்.

அப்படியானால் மீனவரே கேமராவைப் பிடித்தால் தீர்ந்துவிடுமா? பெரிய பகுதி தீரும். பாம்பனில் கடல் ஓசை என்ற சமுதாய வானொலியை மீனவர்களுக்காக மீனவர்களே நடத்தக் கண்டோம். தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கடலுக்குள் போகிற பையன்களே கைப்பேசியில் படம் பிடித்து, தங்கள் பேச்சிலேயே உலகத்துக்குக் காட்டுகிறார்கள். எந்தக் கம்பெனியின் உத்தரவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

முழுதும் தீராது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உடைந்த படகைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. படகுக்குக் கணக்கு இருந்தது. படகே இல்லாமல் உப்பங்கழியில் கையால் தடவி மீனும் நண்டும் பிடித்துப் பிழைத்த தலித்துகளுக்கும் இருளருக்கும் எந்தக் கணக்கில் நிவாரணம் எழுதுவது? முகாம்களில் அவர்கள் தள்ளி வைக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. அழுகிய பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடலோரத்திலும் குப்பம் வேறு, சேரி வேறு. ஆகவே கேமராவைப் பிடிப்பது யார் என்று கேட்டால் மட்டும் போதாது. பிடித்தவர் யாருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி என்னையும் விடாது. தண்ணீர் பாய்ச்சியவரின் பேரன் நான். இன்று பட்டத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் அறிவுக்கு விளக்கவுரை எழுதக் கூப்பிடப்படுகிறேன். தரகனாகிவிட எனக்கு அதிக தூரமில்லை.

கம்பெனிக்காரர்களிடம் நாலு விசயம் சொன்னேன். பெயரை அவரே சொல்லட்டும், எழுத்தில் அவர் பெயர் வரட்டும். உங்கள் ஆட்களுக்குத் தருகிற தினக்கூலியை அவருக்கும் தாருங்கள். ஒளிபரப்பும் முன் அந்தக் குப்பத்துக்குப் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். ஒரு பிரதி அந்த ஊரில் இருக்கட்டும். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். நாலாவதைப் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவதற்கு, "அப்புறம் தொடரே வராது சார்" என்றார்கள். நான் எழுத மறுத்துவிட்டேன்.

நண்பர் ஒருவர் திட்டினார். "நீ விட்டா வேறொருத்தன் எழுதுவான். ஜி.பி.எஸ். வந்தாச்சு. அந்தப் பெரியவங்க போயிட்டா வெள்ளி பேரு ஒண்ணுகூட மிஞ்சாது. ஒன் மானம் பெருசா, அந்தப் பேரு பெருசா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. மறுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டால் கை சுத்தம், ஆனால் வேலை அப்படியே கிடக்கிறது.

அதனால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்கு நானே போனேன். பெரியவர் ஒருவர் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். விவரத்தைச் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"தம்பி, இத யாரு கேக்கப் பதியிறீங்க?"

ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள், எழுதுகிறவர்கள் என்று ஏதோ சொன்னேன்.

"அவங்க கடலுக்கு வரப்போறாங்களா? எம் பேரன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். போன்ல என்னென்னமோ பாக்குறான். அவன் கேக்குற மாதிரி வைங்க. நான் சொல்றேன்."

பேசுகிறவர் யார், பேச விடாதவர் யார் என்றே இத்தனை நாளும் நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அது தேவையான வாதம்தான். கேட்கப் போகிறவர் யார் என்பதை அந்தப் பெரியவர்தான் எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தார். ஊராருக்கு வேடிக்கையாகப் போகிற அறிவு ஒருவகை, பேரனுக்குப் போகிற அறிவு வேறுவகை. பேரனுக்குச் சொல்லும்போது பெயரை யாரும் பின்னணியில் மாற்றிச் சொல்ல முடியாது. சும்மா பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அன்று ராத்திரி அவர் ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். திருப்பூருக்கு அனுப்பியிருக்கிறேன். பையன் இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிட்டானா என்று பெரியவர் வாரம் ஒருதரம் எனக்குப் போன் போட்டுக் கேட்கிறார்.