செங்கல்லுக்கு எதற்கு இத்தனை சிங்காரம்?

பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் எந்தச் சாமி கோயிலுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பான். விரிசல் விட்டிருக்கிறதா, காரை பெயர்கிறதா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கும்பிடக் கை எழும்பும். இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் கோயிலில் அந்தக் கை எழும்ப வெகு நேரம் ஆகிவிட்டது. பார்க்க அவ்வளவு இருந்தது.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம் எல்லாம் தாண்டி, முத்தனேந்தல் பக்கம் இருக்கிறது ஊர். சுமார் 35 கிலோமீட்டர். வழி நெடுகக் கண்மாய்க்கரை, சீமைக்கருவேல், நடுநடுவே புகை விடும் செங்கல் சூளைகள். கீழடியில் 2,500 வருஷத்துக்கு முந்தைய செங்கல் கட்டுமானத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வைகைக்கரைக்காரனுக்குச் செங்கல் புதிதில்லை. ஆனால் அதே செங்கல் கூரிய வளைவாகவும், ஊசி ஊசியாக எழும் சிறு கோபுரங்களாகவும், தூணுக்குத் தூண் தேவதூதராகவும் ஆகி நிற்பதைப் பார்த்தால் எங்கள் தொழில் ஆட்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான் வரும். 1894இல் பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுக்காரச் சேசு சபைச் சாமியார் கட்டியது. பிரான்சின் அரசர்கள் முடிசூட்டிக்கொண்ட ரீம்ஸ் பேராலயம்தான் மாதிரி. பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் கொடுத்த 2,000 பிராங்கும் இதில் சேர்ந்தது என்பது கோயிலில் சொல்லும் வரலாறு. 1914இல் ஜெர்மானியர் குண்டு வீசி ரீம்ஸ் கோயிலின் கூரையை எரித்தபோது, அதைப் பார்த்து எழும்பிய இந்தக் கோயில் வைகைக் காற்றை வாங்கிக்கொண்டு சௌக்கியமாக நின்றிருந்தது.

153 வகை அச்சுச் செங்கல், 200 வகை ஓடு என்று அங்கே கணக்குச் சொல்கிறார்கள். ஒரே வகைக் கல்லை ஒரே அளவில் ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். 153 வகை என்றால் 153 மரச்சட்டம். பச்சைக் கல் காயும்போது சுருங்குமே, அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு ஒவ்வொரு சட்டத்தையும் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். சூளையில் முறுக்கிக்கொண்டதைத் தள்ளிவிட்டுத் திரும்ப அறுக்க வேண்டும். சுரூபங்களுக்குள் புனிதர்களின் அருளிக்கங்கள் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எலும்புத் துணுக்கை விட எனக்கு அந்த மரச்சட்டங்கள்தான் பெரிய அதிசயம். அவை எந்த அடுப்புக்குப் போயினவோ.

என்னை அங்கே கூட்டிப்போனவர் என்னோடு வேலை பார்த்த சூசை அண்ணன். அவருடைய அம்மாவும் வந்திருந்தார். சூளையில் கல் அறுத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். எல்லோரும் பீடத்தைப் பார்த்து முழங்காலில் இருக்க, அந்த அம்மா வாசலை ஒட்டிய தூணில் பெருவிரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு வளைவின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தார். நகம் தேய்ந்து சதையோடு ஒட்டிப்போன விரல். பெயிண்ட் பல கோட்டிங் ஏறியும் விளிம்பு மழுங்கவில்லை. “தம்பி, இங்க பாருங்க. ஒரு கல்லு மூளியில்ல. மண்ண நல்லா மிதிச்சிருக்காங்க” என்றார். அதற்கப்புறம்தான் போய் முழங்காலிட்டார்.

எனக்கு அப்போதே ஒரு கேள்வி உறுத்த ஆரம்பித்துவிட்டது. சேசு சபைச் சாமியார்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். சொந்தமாக ஒரு செப்புக்காசு வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சீமையோ தாது வருஷப் பஞ்சத்தில் வெந்த சீமை. 1876இலிருந்து 1878 வரை ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அது முடிந்து 16 வருஷத்தில் இப்படி ஒரு கோயில். அந்தப் பணத்துக்கு எத்தனை கிணறு வெட்டியிருக்கலாம்? ஓவர்சியர் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் கேள்வி என்னுடையது மட்டும் இல்லை. சுமார் 1125இல் பெர்னார்டு என்ற மடாதிபதி பிரான்சிலேயே இதைக் கேட்டுவிட்டார். கோயில் சுவருக்குத் தங்கம் பூசுகிறீர்கள், வாசலில் ஏழை துணியில்லாமல் நிற்கிறான் என்று சக துறவிகளைக் காய்ச்சி எடுத்தார். அதே காலத்தில், பாரிசுக்குப் பக்கத்தில் செயின்ட் டெனிஸ் மடத்தின் தலைவர் சூஜே நேர் எதிராக நின்றார். ஒளியையும் ரத்தினத்தையும் பார்த்துத்தான் மனித மனம் மேலே ஏறும் என்பது அவர் கட்சி. 1144இல் அவர் புதுப்பித்துத் திறந்த கோயில் பகுதியிலிருந்துதான் கூரிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமான இந்தப் பாணியே வளர்ந்தது. ஆக, இடைக்காட்டூர் கட்டடம் சூஜே கட்சி.

நம் பக்கத்திலும் இந்த வழக்கு உண்டு. திருநின்றவூர்ப் பூசலாரிடம் காசு இல்லை, மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டிக் கோயில் கட்டினார். அதன் குடமுழுக்குக்கு அவர் குறித்த நாளிலேயே காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவபெருமான் அரசன் கனவில் போய், நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். சேக்கிழார் சொன்ன இந்தக் கதையைப் பட்டிமன்றங்களில் எடுத்துவிட்டு, பார்த்தீர்களா, ஆண்டவனுக்குக் கல்லும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று முடிப்பார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கதையில் அப்படியா இருக்கிறது? இடித்துவிடு என்று சாமி சொல்லவில்லை. தேதியைத்தான் மாற்றச் சொன்னார். அரசன் கோயிலுக்கும் வருவதாகத்தானே அர்த்தம்? வரிசையில் பூசலாரை முன்னால் விட்டார், அவ்வளவுதான்.

இடைக்காட்டூருக்கென்றே இன்னொரு கதை இருக்கிறது. ஊரின் பெயரோடு சேர்ந்தவர் இடைக்காடர். அவருக்கும் நவக்கிரகங்களுக்கும் ஊரில் கோயில் உண்டு. ஆடு மேய்த்த சித்தர். பஞ்சம் வரப்போவதை முன்கூட்டியே அறிந்து, ஆடுகளை எருக்கிலை தின்னப் பழக்கி, குருவரகை மண்ணோடு குழைத்துச் சுவர் வைத்து, பஞ்ச காலத்தில் சுவரைச் சுரண்டிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தாராம். எப்படிப் பிழைத்தான் இவன் என்று பார்க்க வந்த ஒன்பது கிரகங்களுக்கும் அந்தக் கஞ்சியை ஊற்றி, அவை உண்ட மயக்கத்தில் தூங்கியதும் மழை வரும்படி இடம் மாற்றிப் படுக்க வைத்துவிட்டார். சுவருக்குள் தானியம் வைக்கும் கட்டட வேலை எங்கள் துறை ஷெட்யூலில் கிடையாது. இந்தச் சித்தரும் திருவிளையாடற் புராணத்துப் புலவர் இடைக்காடரும் ஒருவர்தானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். புராணத்துப் புலவர் கபிலரின் நண்பர். குலேச பாண்டியன் சபையில் பாடினார். அரசன் பொறாமையால் தலையைக்கூட அசைக்கவில்லை. புலவர் நேரே சொக்கநாதரிடம் போய்ச் சொல்லிவிட்டு வெளியேறினார். சாமி என்ன செய்தார் தெரியுமா? மீனாட்சியையும் கூட்டிக்கொண்டு கோயிலையே விட்டுவிட்டு வைகைத் தென்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். விடிந்து பார்த்தால் கருவறையில் லிங்கத்தைக் காணோம். கோயிலின் பொன்னும் மணியும் அப்படியே இருக்கின்றன. அரசன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, புலவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தபிறகுதான் திரும்பி வந்தார்.

மதுரைக்காரன் என்ற முறையில் எனக்கு இந்தக் கணக்குத்தான் சரியாகப் படுகிறது. அலங்காரத்தைப் பற்றிச் சாமிக்குப் புகார் இல்லை. அங்கே ஒருவன் அவமானப்பட்டால் இருப்புக் கொள்ளவில்லை.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால், எளிமையின் மேலும் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியை எடுத்துக்கொள்ளுங்கள். தத்துவ போதகர். இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பிள்ளை, காவி கட்டி, மரப் பாதுகை போட்டு, ஒரு வேளை மரக்கறிச் சோறு சாப்பிட்டு, எளிய குடிலில் இருந்தார். பெர்னார்டு பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஆனால் அந்தக் குடிலுக்குள் யார் நுழையலாம்? 1595 முதலே மதுரையில் பெர்னாண்டஸ் என்ற சாமியார் பரவர்களுக்குச் சின்னக் கோயில் ஒன்று நடத்திவந்தார். நொபிலி அதிலிருந்து ஒதுங்கி, மேல்சாதியார் தெருப்பக்கம் தனி ஜாகை வைத்தார். ஒரே வேதக்காரர்கள், ஆனால் அந்தக் கோயில் ஆட்களோடு ஒட்டு இல்லை, உறவு இல்லை. 1610இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1623இல் போப்பாண்டவர் கிரகோரி நொபிலி கட்சிக்குச் சாதகமாக, பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கட்டும் என்று அனுமதித்தார். பிறகு 1640இல் கீழ்ச்சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைச் சாமியார்களை ஏற்படுத்தினார்கள். நொபிலியின் தமிழ் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனாலும் அந்தக் குடிலின் எளிமை எனக்கு உவப்பாக இல்லை. ஓலைக் கூரை போட்ட இடத்திலும் காவலாளி இருக்க முடியும்.

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் இதற்கு மாறான ஒரு மடம். 1950இல் மோன்சானின், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் காவிரிக்கரையில் தொடங்கினார்கள், 1968இல் பீட் கிரிபித்ஸ் வந்து நடத்தினார். துறவிகள் இருப்பது சின்னக் குடில்களில். கோயிலின் கோபுரத்திலும் விமானத்திலும் மட்டும் நம் சுதைச் சிற்ப பாணியில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். தனக்கு ஓலை, சாமிக்கு வர்ணம். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது.

ஆனால் சுவர் என்றால் வடக்கன்குளத்தைச் சொல்லாமல் தீராது. நெல்லைச் சீமையில் 1872இல் கட்டிய கோயில் அது. ஒரே பீடம், அதிலிருந்து இரண்டு கைகளாக விரியும் இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வேளாளர், இன்னொன்றில் நாடார் முதலியோர், நடுவே சுவர். இரண்டு பக்கத்தாரும் பூசை பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஒரு வரைபடக்காரன் உட்கார்ந்து கோணம் போட்டுக் கணக்குப் பார்த்து இதைச் செய்திருக்கிறான். நினைத்தால் என் தொழில்மேலேயே வெறுப்பு வருகிறது. 1910இல் கௌசானல் சாமியார் சுவரை இடித்தார். வேளாளரான மைக்கேல் பிள்ளை தரப்பு வழக்குப் போட்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில், கோயிலுக்குள் சாதிக்குத் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று.

இதையெல்லாம் வேதக்காரர்கள் கதை என்று நான் தள்ளி நின்று சொல்ல முடியாது. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் பட்டியல் சாதியினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப்போனார். அவ்வளவுதான், அம்மன் கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று ஊரில் ஒரு கூட்டம் கிளப்பிவிட்டது. தனியாக ஓர் இடத்தில் வழிபாடும் நடத்தினார்கள். எங்கள் அப்பத்தா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. புராணத்தில், ஒருவனை மதிக்காததற்காகச் சாமி வெளியே போனார். இவர்களோ, ஆறு பேரை மதித்து உள்ளே விட்டதற்காக அம்மன் வெளியே போனதாகச் சொன்னார்கள். திருவிளையாடலைப் பாராயணம் பண்ணிய குடும்பம் எங்களுடையது! அப்பத்தா பிறகு எப்போது திரும்பிப் போனார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. பேரப்பிள்ளைக்கு ஏதோ ஒரு வேண்டுதல், சத்தம் போடாமல் போய்ச் செய்துவிட்டு வந்தாராம். அம்மன் எப்ப அப்பத்தா திரும்பி வந்தா என்று சின்ன வயசில் நான் கேட்டதற்கு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, “போடா, போக்கத்தவனே” என்றார்.

இடைக்காட்டூரில் பூசை முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். புளிச்சோறும் துவையலும். கிணறு வெட்டும் கணக்கை நான் விடவில்லை, சூசை அண்ணனிடம் கேட்டே விட்டேன். அவர் சிரித்தார். “கெணறு வெட்டியிருந்தா அதுலயும் யாரு மொதல்ல எறைக்கிறதுன்னு சண்ட வந்திருக்கும் தம்பி. இங்க வந்தா யாரும் எங்கள எந்திரின்னு சொல்றதில்ல. எங்க வேணாலும் உக்காரலாம்.” அப்புறம் தன் சொந்த ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கே கோயிலுக்குள் எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில்தான் குறுக்கே ஒரு சுவர். அவருடைய அப்பா அந்தப் பக்கம் கிடக்கிறார்.

எப்படிப்பட்ட சுவர் என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

ஒன்பது இஞ்ச் சுவர், ஆளுயரம், பூச்சு கிடையாது, மேலே கைப்பிடி வளைவுகூட இல்லாத வெறும் செங்கல் என்றார்.

அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, கையை உதறிவிட்டுச் சொன்னார்: “அதுக்கும் எங்க சூளைக் கல்லுதான் போச்சு. நானுந்தான் அறுத்தேன். எதுக்குன்னு அப்பச் சொல்லல. பாதிக் கூலி இன்னும் நிக்கிது.”