எபேசுவில் எரிந்தது யாருடைய புஸ்தகம்?



குளத்தூரில் ஒரு வாலிபத் தம்பி கேட்டார்: "ஐயா, நம்ம ஆண்டவரை இழிவாச் சொல்ற படத்தை நாம பாக்காம விட்டா போதுமா? தடை பண்ணச் சொல்லிப் போராட வேண்டாமா?" இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல.

அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. எபேசுவில் மாயவித்தைக்காரர் பலர் மனந்திரும்பி, புஸ்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். கிரயம் 50,000 வெள்ளிக்காசு! ஆனால் எரித்தது தங்கள் புஸ்தகங்களை. அடுத்த வீட்டுப் பெட்டியை உடைக்கவில்லை. நஷ்டமும் அவர்களுக்கே.

அதே அதிகாரத்தில் இன்னொரு கூட்டம். பவுலின் பிரசங்கத்தால் பிழைப்பு கெடுகிறதென்று தெமேத்திரியு ஜனத்தைக் கிளப்பிவிட்டான். இரண்டு மணி நேரம் கூச்சல். எதற்குக் கூடினோம் என்றே அநேகருக்குத் தெரியாது. நாம் எந்தக் கூட்டம்?

2006-ல் 'டாவின்சி கோட்' படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது. நம்மில் பலருக்குச் சந்தோஷம். அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சபை அழிஞ்சா போச்சு?

பெருமாள்முருகன் 2010-ல் 'மாதொருபாகன்' நாவல் எழுதினார். திருச்செங்கோட்டில் பலர் மனம் புண்பட்டது. வாங்காமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்தை எரித்து, கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரியில், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், வாசிக்கக் கட்டாயமில்லை, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்ற கருத்தில் 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அருமையானவர்களே, நாம் தெருவில் கைப்பிரதி கொடுக்கிறோம். ஒருவர் வாங்கமாட்டார், அது அவர் உரிமை. "இந்த ஊர்ல எவனும் வாங்கக்கூடாது" என்று ஒருவர் மைக்கைப் பிடுங்கினால்? அன்றைக்கு நாம் ஓடிப்போய் நிற்பது அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவில்தானே! அந்த வேலியை நாமே வெட்டலாமா?

புறக்கணிப்புக்கும் எல்லை உண்டு. கடையில் சாமான் தராதே, கிணற்றில் தண்ணி எடுக்க விடாதே என்கிற ஊர்விலக்கம் எப்படி வலிக்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை இன்னொருவனுக்குச் செய்யாதிருங்கள்.

பிடிக்காத படத்துக்கு உங்கள் காசைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று தைரியமாய்ச் சொல்லுங்கள். அடுத்தவன் கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். நம்ம கரிசக்காட்டில் பக்கத்துப் புஞ்சைக்காரன் எதை விதைத்தாலும் நாம் போய் அழிப்பதில்லை. நம் புஞ்சையில் நல்ல விதை விதைக்கிறோம்.

கர்த்தர் தாமே அந்தப் பொறுமையை நமக்குத் தருவாராக. ஆமென்.